சிலந்தி நூலின் மேல் நின்றவர்கள்

ஏரித்தோட்டத்து ஆபீஸ் முன்னால் லோரி நின்றபோது மழை விட்டிருந்தது. நில அளவையாளர் கார்த்திகேசு முதலில் உயரம் அளக்கும் மட்டக்கருவியின் பெட்டியை இறக்கினார். பிறகு முக்காலி. பிறகு தன் பை. காவலுக்கு வந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் துப்பாக்கியோடு குதித்தார்கள். ரப்பர் மரங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்கள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு படியிறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"புக்கிட் பெலிம்பிங் ரோட்டுல ஒண்ணும் நடக்கலையே?"

"இல்லை. மழைதான்."

"மழை நல்லதுலா. மழையில காட்டுக்காரனுங்க சுட மாட்டானுங்க. தோட்டா நனைஞ்சிடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

காட்டில் ஒளிந்து போரிடும் கம்யூனிஸ்டுகளை அடக்க அறிவித்த அவசரகாலம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து முள்வேலி போடும்படி மேலிடத்து உத்தரவு. காட்டில் இருப்பவர்களுக்கு இங்கிருந்து அரிசி போகக்கூடாது. இருட்டியதும் வேலி வாசலைப் பூட்டுவார்கள். விடிந்தபின் திறப்பார்கள். சாவி ரோட்டுக் கோடியில் போலீஸ் காவலில் இருக்கும்.

இடத்தைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்பே தேர்ந்துவிட்டார். பெரிய ஏரிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வெட்டவெளி. காட்டுக்குத் தூரம், காவலுக்குப் பக்கம். வேலிக்கால்கள் வந்து இறங்கியிருந்தன. முள்கம்பிச் சுருள்கள் லாலான் புல்லில் கிடந்து துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன.

கார்த்திகேசுவின் வேலை ஒன்றுதான். ஏரியைச் சுற்றி வெள்ளம் எதுவரை ஏறும் என்று கோடு போட்டுக் கொடுப்பது. அந்த வெளி கோட்டுக்கு மேலே இருந்தால் வேலி அங்கே. கீழே இருந்தால் வேறு இடம்.

பூட்டிய வேலிக்குள் ராத்திரி தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

*

அளவுகோல் பிடிக்கச் சன்னாசியைக் கொடுத்தார்கள். ரப்பர் பால்வெட்டுக்காரன். உயரமானவன். கோல் அவனைவிட இரண்டு மடங்கு உயரம்.

வெள்ளம் வடியும்போது மரப்பட்டையில் ஒரு கறையை விட்டுப் போகும். நாளானால் மங்கும், அழியாது. சன்னாசி கறை இருக்கும் மரத்தடியில் கோலை நிறுத்துவான். கார்த்திகேசு தூரத்தில் நின்று மட்டக்கருவியின் குழாயில் பார்த்து எண்ணைப் படிப்பார். மரம் மரமாகக் கறைகளின் உயரத்தைச் சேர்த்தால் ஏரியைச் சுற்றி ஒரு கோடு வந்துவிடும்.

குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அந்தக் கருவியின் அமைப்பு அப்படி. மண் மேலே, வானம் கீழே, நடுவில் தலைகீழாகச் சன்னாசி. குறுக்கே ஒரு கோடு ஓடும். அது கோடல்ல. கண்ணாடிக்குள் இழுத்து ஒட்டிய சிலந்தி நூல். நூல் எப்போதும் மட்டம். அது தொடுகிற எல்லாம் ஒரே உயரம். இருபது ஆண்டுகளாக அதற்குள் பார்த்துப் பழகியவருக்குத் தலைகீழ் என்ற நினைவே வருவதில்லை.

தோட்டத்துப் பெண்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது.

"வேலம்மா! குழா இந்தப் பக்கம் திரும்புதுடி!" என்று புஷ்பவள்ளி கத்துவாள். உடனே எல்லோரும் சீலையை முழங்காலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சன்னாசியின் மனைவி வேலம்மா. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. தூக்குச்சட்டியில் தேத்தண்ணி கொண்டுவந்தவள் ஒரு கையால் சீலையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"ஐயா, ஒங்க குழாயில நாங்க தலைகீழாத் தொங்குறமாமே? அப்ப சீலை எங்க போகும்?"

"எங்கயும் போகாது பிள்ளை. தெரியிறதுதான் தலைகீழ். சீலை இருந்த இடத்திலதான் இருக்கும்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க. பாக்குறவரு நீங்கதானே."

பெண்கள் சிரித்தார்கள். சன்னாசி கோலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். கார்த்திகேசுவுக்குக் காது சூடாயிற்று. குழாயை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கறைகள் நல்ல சேதி சொல்லின. எல்லாக் கறையும் வெட்டவெளிக்குக் கீழே. முழங்கால் அளவு கீழே.

"அப்ப எங்க வீட்டுக்குத் தண்ணி வராதுங்களா?" என்று சன்னாசி கேட்டான்.

"வராது."

அன்றைக்கு அவர் அதை நம்பினார்.

*

கடைசியாக மிச்சமிருந்தது வெட்டவெளியின் நடுப்பகுதிதான். மதியத்துக்குப் பிறகு அங்கே போனார்கள். வானம் மூடியிருந்தது. காற்றில்லை. ஏரி தூரத்தில் இருந்தும் சேற்று வாடை பக்கத்தில் அடித்தது. பறவைச் சத்தம் எதுவும் இல்லை.

சன்னாசி வெளியின் நடுவில் போய்க் கோலை நிறுத்தினான்.

கோல் சாய்ந்திருந்தது. கார்த்திகேசு கூப்பிட்டார். "இடப்பக்கம் நிமிர்த்து!"

அவன் அசையவில்லை.

மறுபடி கத்தினார். லோரியடியில் சீட்டாடிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். சன்னாசி திரும்பவில்லை. கார்த்திகேசு கைகளை ஆட்டி அவனை வரச் சொன்னார்.

"காது அடைச்சுப் போச்சோ?"

"கூப்பிட்டீங்களா ஐயா?" சன்னாசி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தான். "அங்க நின்னா தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. ஒங்க வாய் அசையுது. சத்தம் வரல."

"போய் நில். கையால காட்டுறன்."

அவன் தயங்கிவிட்டுப் போனான்.

கார்த்திகேசு குனிந்து கண்ணைக் குழாயில் வைத்தார்.

சன்னாசி தலைகீழாக நின்றான். கோல் தலைகீழாக நின்றது.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நேராக நின்றாள்.

கார்த்திகேசு தலையைத் தூக்கினார். வெளியில் சன்னாசி மட்டும். லாலான் புல் மட்டும்.

குனிந்தார்.

நின்றாள்.

இரண்டு பாதங்களும் சிலந்தி நூலின் மேல் இருந்தன. பாதங்களுக்குக் கீழே வானம்.

அவர் மெல்ல யோசித்தார். இந்தக் குழாயில் நேராகத் தெரிவது வெளியே தலைகீழாக இருக்க வேண்டும். அப்படியானால் அவள் பாதம் சன்னாசியின் தலைக்கு மேலே அந்தரத்தில் இருக்கிறது. அவள் தலை புல்லுக்குள் இருக்கிறது. ஆனால் தலைகீழாகத் தொங்குகிறவளின் கூந்தல் மண்ணைப் பார்த்து விழ வேண்டும். இவளுடைய கூந்தல் தோளில் படிந்திருந்தது. சீலை கணுக்கால்வரை ஒழுங்காக இருந்தது.

நீர் விளிம்பில் நிற்பவரின் பிம்பம் தண்ணீருக்குள் அப்படித்தான் நிற்கும்.

அங்கே தண்ணீர் இல்லை. விளிம்பில் நிற்க ஆளும் இல்லை.

குழாயை இடப்பக்கம் திருப்பினார். ஒரு கிழவர். இரண்டு பிள்ளைகள். வரிசையாக ஆண்கள். எல்லோரும் நேராக. எல்லோருடைய பாதமும் நூலின் மேல். எல்லோரும் ஒரே பக்கம், ரோட்டுப் பக்கம், பார்த்து நின்றார்கள். வேலிக்கு வாசல் வைக்க அடையாளக் குச்சி நட்டிருந்த பக்கம்.

கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தியிருந்தார்கள். விரல்கள் மடங்கியிருந்தன.

எதையோ பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இல்லாத ஒன்றை.

நூல் கோலைத் தொட்ட இடம் சன்னாசியின் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இருபது ஆண்டுப் பழக்கத்தில் எண்ணைப் படித்துவிட்டார். பிறகுதான் கண்ணைக் குழாயிலிருந்து எடுத்தார்.

*

சாயங்காலம் ஆபீஸில் தங்கராஜுவிடம் கேட்டார்.

"அந்த வெளியில முன்னம் ஆரும் தண்ணியில செத்தவையோ?"

"அங்கயா? அங்க ஆளே இருந்ததில்லலா. சதுப்பு. வாய்க்கா வெட்டின பொறகுதான் காய்ஞ்சது. ஏன் மிஸ்டர், மொகம் இப்படி வெளுத்திருக்கு?"

"சும்மா கேட்டன்."

பழைய சாவு இல்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

ஆறுதலாக இல்லை.

மறுநாள் காலை கருவியை ரோட்டு மேட்டில் வைத்தார். கண்ணாடி பழுதாக இருக்கலாம். நூல் தளர்ந்திருக்கலாம். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். சன்னாசி வெளியின் நடுவில் போய் நின்றான்.

நின்றார்கள்.

இப்போது பாதங்கள் நூலைத் தொடவில்லை. கருவி மேட்டில் இருந்ததால் விலகியிருந்தன. எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கோலில் பார்த்துக் கூட்டிக் கழித்தார். நேற்றைய அதே மட்டம்.

கருவி பழுதில்லை.

அப்போது வேலம்மா தூக்குச்சட்டியோடு வெளிக்குள் நடந்து வந்தாள். மஞ்சள் சீலை. குழாய் தன் பக்கம் இருப்பதைப் பார்த்துச் சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழாயில் அவள் தலைகீழாகச் சிரித்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் வேலம்மா நேராக நின்றாள்.

அதே மஞ்சள் சீலை. அதே வயிறு. அவள் சிரிக்கவில்லை. வாய் திறந்திருந்தது.

அவளை ஒட்டிப் புஷ்பவள்ளி. பின்னால் மூக்குக்கண்ணாடியோடு தங்கராஜு. அவருக்கும் பின்னால் எல்லோரையும்விட உயரமாக ஒருவன், முகத்தை அங்கே இல்லாத கம்பியில் அழுத்திக்கொண்டு.

கார்த்திகேசு குழாயிலிருந்து விலகி, சன்னாசியைக் கையசைத்து வரச் சொன்னார்.

கோலைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னாசி வந்தான். அவரையே பார்த்தான். திரும்பி, கரையேறிப் போகும் மனைவியைப் பார்த்தான்.

"ஐயா. அவளப் பார்த்தீங்களா?"

"அவள் அங்கதானே நிண்டவள்."

"அதக் கேக்கல."

கார்த்திகேசு குழாயின் மூடியைப் போட்டார்.

"நேத்தும் இன்னிக்கும் அங்க நிக்கிறப்ப யாரோ மூச்சு முட்டுற சத்தம் கேக்குது ஐயா. வேற எந்தச் சத்தமும் இல்ல. அது மட்டும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்க ஆளுங்களா?"

கார்த்திகேசு ஆமென்று தலையை அசைத்தார்.

சன்னாசி கோலைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் போட்டான்.

"துரைகிட்ட சொல்ல முடியாதுல்ல."

"சொன்னால் எனக்குப் பைத்தியம் எண்டுவார். இல்லாட்டி வேலியைத் தடுக்கிறன், காட்டுக்காரரின்ர ஆள் எண்டுவார். விசாரணை இல்லாமல் உள்ள போடலாம். உன்னையும்."

"வேற வழி?"

"மரத்தில கறை இன்னும் மேல இருந்தால் துரை நம்புவார்."

"எவ்வளவு மேல?"

"உன்ர தலைக்கு மேல."

சன்னாசி தன் பால்வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினான்.

*

வெளியின் ஓரத்து மரங்களில் சேற்றைக் கரைத்துப் பூசினார்கள். கார்த்திகேசு குழாயில் பார்த்துக் கையைக் காட்டினார். சன்னாசி மரத்துக்கு மரம் ஒரே மட்டத்தில் சாக்குத்துணியால் இழுத்தான். கான்ஸ்டபிள்கள் சீட்டிலிருந்து தலை தூக்கவில்லை. வெயில் வந்தால் காய்ந்துவிடும்.

வெயில் வரவில்லை.

துரை வந்தார். கூடவே தங்கராஜு. கார்த்திகேசு மரத்தைக் காட்டினார். துரை கோட்டைப் பார்த்தார். கார்த்திகேசுவைப் பார்த்தார். கிராணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

தங்கராஜு எக்கி நின்று கோட்டில் விரலை வைத்தார்.

விரலை எடுத்துப் பார்த்தார். ஈரம்.

தங்கராஜு அந்த விரலைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். இங்கிலீஷில், பழைய கறைதான் என்று துரையிடம் சொன்னார்.

துரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார். வேலியை மேட்டுத் தோட்டத்தில், காட்டை ஒட்டிப் போட வேண்டியதாயிற்று.

ஜீப் போனபின் தங்கராஜு பையிலிருந்து விரலை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார்.

"நேத்து நீங்க சும்மான்னு சொன்ன மொகத்த நான் பார்த்தேன்லா. கிராணி வீடும் அந்த வேலிக்குள்ளதான் மிஸ்டர்."

*

டிசம்பரில் வானம் உடைந்தது. செகிஞ்சான் வயல்கள் கடலாயின. ஏரியும் ஆறும் ஒன்றாயின. கோலசிலாங்கூர் ரோடு அறுந்து, வெள்ளத்தின் உயரத்தைக் குறிக்கக் கார்த்திகேசு ஏரித்தோட்டம் வந்து சேரச் சில நாளாயிற்று. பாதி வழி லோரி, பாதி வழி படகு.

மேட்டில் முள்வேலி. உள்ளே லயங்கள். கூரைகளில் புகை. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

வெள்ளம் நடு ராத்திரியில் ஒரேயடியாக வந்ததாகச் சொன்னார்கள். விடியும்போது வெட்டவெளி தண்ணீருக்குள். அதே ராத்திரியில் வேலம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது.

சன்னாசி கோலோடு வந்தான். இருவரும் நீர் விளிம்புக்கு இறங்கினார்கள். வெள்ளத்தின் மட்டத்தை எடுத்தார்கள். பாதங்கள் நின்ற மட்டம். நூலளவு பிசகில்லை.

வேலை முடிந்தது. கருவியைப் பெட்டியில் வைத்தார். ஊரடங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சூரியன் மேகத்துக்கடியில் வந்து தண்ணீரில் விழுந்தான். காற்று நின்றது. நீர் கண்ணாடியானது.

இந்த முறை குழாய் தேவைப்படவில்லை.

வெட்டவெளி இருந்த இடத்தில், தண்ணீருக்குள், தலைகீழாக, லயங்கள் தெரிந்தன. தகரக் கூரைகள். வேலிக்கால்கள். முள்கம்பி. பூட்டிய வாசல். வாசலில் ஆட்கள்.

தண்ணீருக்கு மேலே எதுவும் இல்லை. அங்கே யாரும் எதையும் கட்டவில்லை.

சன்னாசி அவர் கையைப் பிடித்தான். விட மறந்துவிட்டான்.

தண்ணீருக்குள் ஒரு கை கம்பியை விட்டது. பிறகு இன்னொரு கை. ஒவ்வொருவராக விட்டார்கள்.

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

கரையில் நின்ற இருவரையும் பார்த்தார்கள்.

"வாங்க ஐயா," என்றான் சன்னாசி. "வாசலப் பூட்டிருவான்."

*

வேலிக்குள் வந்தபின்னும் அவன் நிற்கவில்லை. லயத்துக் கோடியில், கூரைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்த தகரப் பீப்பாய்ப் பக்கம் கூட்டிப்போனான். விளிம்புவரை நீர்.

"குனிஞ்சு பாருங்க."

கார்த்திகேசு குனிந்தார். தன் முகம் தெரிந்தது. தொப்பி தெரிந்தது. மேலே தகரக் கூரை தெரிந்தது.

தோளோடு தோள் ஒட்டிச் சன்னாசியும் குனிந்திருந்தான்.

தண்ணீரில் அவர் மட்டும் இருந்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தான் ஐயா. வெள்ளம் வந்த ராத்திரிலேருந்து. வெயில்ல நெழலு விழுது. கண்ணாடியில மொகம் தெரியுது. தண்ணியில மட்டும் ஆளு இல்ல. புஷ்பவள்ளிதான் மொதல்ல பார்த்துட்டுக் கத்தினா."

"கிராணி என்ன சொன்னவர்?"

"உசுரு இருக்குல்ல, வாய மூடிக்கிட்டு இருங்கன்னாரு. அவரு வாளியப் பாக்காமலே குளிக்கிறாரு."

அறைக்குள் பிள்ளை அழுதது. வேலம்மா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். துணியில் சுற்றிய பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஐயாவா? வாங்க. ஒங்க குழாயில இவனையும் தலைகீழாத் தொங்க விடுங்க, அப்பவாவது அழுகையை நிறுத்துறானான்னு பாப்போம்." சிரிக்கப் பார்த்தாள். பிறகு கணவனிடம் கேட்டாள். "காட்டிட்டீங்களா?"

"காட்டிட்டேன்."

"இவனுக்கு இருக்கு ஐயா," என்றாள் வேலம்மா. "இவன் அதுக்குப் பொறகு பொறந்தவன்லா. இவனுக்கு மட்டும் இருக்கு. பாருங்க. தண்ணியக் காட்டினாத்தான் வாய மூடுவான்."

பிள்ளையை இரண்டு கைகளிலும் ஏந்திப் பீப்பாய்க்கு மேலே நீட்டினாள்.

அழுகை நின்றது.

தண்ணீருக்குள் பிள்ளை தெரிந்தது. தனியாக. ஏந்துவதற்குக் கையில்லாமல், கூரைக்குக் கீழே அந்தரத்தில் கிடந்தது. கண்ணை விரித்து எதையோ பார்த்தது.

கார்த்திகேசு பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீரின் அடியிலிருந்து மஞ்சள் சீலையின் ஓரம் மேலே வந்தது.

பிறகு இரண்டு கைகள்.

அவை அவசரப்படவில்லை. பிள்ளையின் தலைக்கடியில் ஒன்றும் முதுகுக்கடியில் ஒன்றும் மெல்ல நுழைந்தன. தாங்கிக்கொண்டன.

வேலம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. கார்த்திகேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கொண்டாந்தா மட்டும் கனமே தெரிய மாட்டேங்குது ஐயா," என்றாள்.